மிளகாய்க்குப் பெயர் வைத்த வாரியம்

விருதுநகரில் காய்கறிப் பெயர்களுக்கென்று ஒரு வாரியம் இருப்பது, அந்த வாரியத்திலிருந்து கடிதம் வந்த அன்றைக்குத்தான் பாண்டிச்செல்விக்குத் தெரிந்தது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. முப்பது வருசமாக அந்த ஊர்ச் சந்தையில் காய்கறி விற்கிறவர்களுக்கே தெரியாது.

பாண்டிச்செல்வி சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வெடிப் பாக்கெட்டுகளுக்கு லேபிள் வரைகிறவள். குருவி வெடிக்குக் குருவி, அணுகுண்டுக்கு ஒரு பெரிய புகை, சாட்டைக்குச் சிரிக்கிற ஒரு குழந்தை. தாயில்பட்டிப் பக்கம் ஒரு காலனியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவாள். சின்ன வயசில் அவளும் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டியவள்தான். இப்போதும் பேசிக்கொண்டிருக்கையில் வலது கை விரல்கள் அவளுக்குத் தெரியாமல் எதையோ உருட்டும்.

2006ஆம் வருசம் கோடையில் முதலாளி மகள் ஒரு சீனப் பொம்மையை ஆபீஸ் மேசையில் போட்டுவிட்டுப் போனாள். சாவிக்கொத்தில் தொங்குகிற முட்டை மாதிரி ஒரு சாமான். அதில் தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு திரை, திரைக்குள் ஒரு நாய்க்குட்டி. பட்டனை அமுக்கிச் சோறு போட வேண்டும். போடாவிட்டால் கத்தும். அதற்கும் போடாவிட்டால் செத்துப்போகும். இரண்டு நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே லேபிள் வரைந்த பாண்டிச்செல்விக்கு, இதே மாதிரி ஒன்றை நாமே செய்தால் என்ன என்று தோன்றியது. சோற்றுக்குக் கத்துகிற நாய் தெருவெல்லாம் இருக்கிறது. அதனால் அவள் ஒரு மிளகாயை வரைந்தாள்.

குட்டை மிளகாய். இரண்டு கண், பிடிவாதமான வாய். திரைக்குக் கீழே மூன்று பட்டன்: தண்ணி, வெயில், பேச்சு. தண்ணீர் ஊற்றினால் பல்லைக் காட்டும். ஒரு நாள் ஊற்றாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இரண்டாம் நாள் சிவந்து வளையும். மூன்றாம் நாள் சுருங்கி வத்தலாகப் படுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தூங்கும், ஒன்றும் கேட்காது. கம்ப்யூட்டர் கிளாஸில் கற்றதை வைத்து ஒன்றரை மாதத்தில் முடித்து, ஒரு சிடியில் ஏற்றி, காலனிக்குப் பக்கத்துச் சிறப்புப் பள்ளியில் கொண்டுபோய்ப் போட்டாள்.

அந்தப் பள்ளி, வெடி வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட பிள்ளைகளுக்கானது. ஓர் அறை, ஒரு வராண்டா, யாரோ கொடுத்த ஒரு கம்ப்யூட்டர், பொன்மணி என்ற ஒரே ஒரு டீச்சர். பதிவேட்டில் இருபத்து மூன்று பேர். வருகிறவர்கள் ஒன்பது, நல்ல நாளில் பத்து.

மிளகாய் போன ரெண்டாவது வாரம் பொன்மணி பஸ் ஸ்டாப்பில் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏ செல்வி, இருவத்தி மூணும் வருதுகடி! காய்ச்சலோட வருதுக. ஏன்டி காய்ச்சலோட வந்தன்னு கேட்டா, இன்னைக்கு மொளகாய்க்குத் தண்ணி ஊத்துற மொறை என்னுதுங்குது. பத்திரகாளி இருக்காள்ல, வாயே தொறக்க மாட்டாளே, அவ அது கூட ஒக்காந்து பேசிக்கிட்டு இருக்கா."

அன்றைக்குப் பாண்டிச்செல்வி இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கினாள். இறங்க வேண்டும் என்பதே நினைவில்லை.

உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் இது இரண்டு அங்குலச் செய்தியாக வந்தது: 'மொளகா வளர்க்கும் மாணவிகள்.' அங்கேதான் வந்தது வினை. அந்தப் பத்திரிகையைத் தினமும் சிவப்புப் பேனாவோடு படிக்கிற மனிதர் ஒருவர் விருதுநகரில் இருந்தார். முனைவர் சீனிவாசகம். வட்டாரக் காய்கனிப் பெயர்ச்சீர்மை வாரியத்தின் தலைவர்.

கடிதம் இப்படி வந்தது: 'தங்களால் கணினித் திரையில் வளர்க்கப்பட்டு வருவதும், கொச்சையாக மொளகா எனக் குறிக்கப்படுவதுமான பொருள், வாரியத்தின் பெயர் ஒப்புதல் பெறாதது. ஒப்புதல் கிடைக்கும்வரை மேற்படி பொருளுக்கு நீர் ஊற்றுவதோ, வெயில் காட்டுவதோ, அதனுடன் உரையாடுவதோ கூடாது. மீறினால் பள்ளியின் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைக்கப்படும்.'

"தண்ணி ஊத்தக் கூடாதுன்னு ஒரு ஆர்டராடி?" என்றாள் பொன்மணி. கடைசி வரியை மறுபடி படித்துவிட்டுக் கம்ப்யூட்டர் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள்.

"ஒரு வாரம் பொறுங்க அக்கா. போயி ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துருறேன்" என்றாள் பாண்டிச்செல்வி.

வாரியத்தின் அலுவலகம் ஒரு வத்தல் கிட்டங்கிக்கு மாடியில் இருந்தது. கீழே மூட்டை மூட்டையாக மிளகாய் வத்தல் இறங்கும், ஏறும். அதன் நெடி படி வழியாக மேலே வந்து, மின்விசிறியில் அடிபட்டு எல்லா மேசைக்கும் போய்ச் சேரும். வாரியத்தார் தும்மிக்கொண்டேதான் எழுதினார்கள், தும்மிக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார்கள். எதனால் தும்முகிறோம் என்று சொல்ல மட்டும் அவர்களிடம் ஒப்புதல் பெற்ற சொல் எதுவும் இல்லை.

கண்காணிப்பாளர் நாகையா அவள் கொடுத்த விண்ணப்பத்தைத் திருப்பி நீட்டினார். அவர் கெட்ட மனிதரில்லை. விதி என்று ஒன்று இருந்தால் அதன்படி நடப்பார். இல்லாவிட்டால் நடக்கவே மாட்டார்.

"பிராணியா, தாவரமான்னு ஒரு கட்டம் இருக்கு. காலியா விட்டுருக்கீக."

"செல்லப் பிராணி மாதிரிங்க. ஆனா மொளகா."

"பிராணின்னா கால்நடைத் துறையில ஆட்சேபணை இல்லைன்னு எழுதி வாங்கணும். தாவரம்னா விதைச் சான்று வேணும்."

"படம்ங்க சார். கம்ப்யூட்டர்ல இருக்கு. விதை கிடையாது."

"விதை இல்லாத தாவரம்" என்று எழுதிக்கொண்டார் நாகையா. பிறகு படத்தை வெகுநேரம் பார்த்தார். "செவந்து போனா இப்பிடித்தான் இருக்குமா? செவப்பு ஒடம்பு, மேல பச்சையா ஒரு திரி. இது எந்த ஊருன்னு நெனைச்சீக? எவனாவது பாத்துட்டுப் பத்த வச்சுட்டா?"

"அது காம்பு சார்."

"காம்புன்னு நீங்க சொல்றீக. வெடிக் கம்பெனி சொல்லணும்."

வெடிக் கம்பெனி ஒன்றின் போர்மேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் கம்பெனி லெட்டர்பேடில், 'இந்தக் காய் எங்கள் தயாரிப்பு அல்ல, இது வெடித்ததாகவும் எங்களுக்குத் தகவல் இல்லை' என்று எழுதிக் கொடுத்தார். நாகையா அதை மரியாதையாக வாங்கிக் கோர்த்தார். ஒரு வாரம் ஐந்து வாரமாகியிருந்தது.

செப்டம்பரில் வாரியம் கூடி அவளை விசாரித்தது. தலைவர் சீனிவாசகம் எழுந்து பேசினார். ஒரு விண்ணப்பதாரி மட்டும் இருந்த அறையில் அவர் மைக் வைத்துக்கொண்டார்.

"அம்மா, மிளகாய் என்பது பெயரே அன்று. மிளகு என்னும் நம் மண்ணின் மைந்தனுடைய பெயரைத் திருடிக்கொண்டு கப்பலில் வந்து இறங்கிய வந்தேறி அது. ஐந்நூறு ஆண்டுகளாக எவரும் தட்டிக் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். கேட்கும் தகுதி எனக்கு உண்டு. வயிற்றுப்புண் காரணமாக முப்பது ஆண்டுகளாக நான் தயிர்ச்சோறு தவிர எதையும் தொட்டதில்லை. ஆகவே இந்தப் பொருளில் என்னைப்போல் நடுநிலையாளர் இம்மாவட்டத்தில் எவரும் இலர். தக்காளிக்குப் பெயர் வைக்க இவ்வாரியம் நான்கு ஆண்டுகள் உழைத்தது. வைத்தோம். மக்கள் இன்றும் தக்காளி என்றே சொல்கிறார்கள். அது மக்களிடம் உள்ள குறை. பெயரில் குறையில்லை!"

கைதட்டியவர் உறுப்பினர் காசிராஜன். கீழே இருந்த கிட்டங்கி அவருடையது, மாடியும் அவருடையது. வாரியத்தில் வணிகப் பிரதிநிதியும் அவரே.

"எங்க தாத்தா காலத்துல இருந்து நாங்க வத்தல்னுதான் எழுதுறோம். பச்சையா இருக்கதெல்லாம் சரக்கே கெடையாது. பொம்மைய வத்தலாவே பெறக்க விடும்மா. தண்ணியும் மிச்சம்" என்றார் அவர்.

"வத்தலா பெறந்தா பிள்ளைக எதை வளக்குங்கய்யா?"

"எதுக்கு வளக்கணும்? மூட்டைல போட்டு வச்சாப் போதும்ல."

ஒரு முடிவும் எட்டப்படாததால், வட்டாரம் வட்டாரமாகப் போய் மக்கள் வழக்கைக் கேட்டறிவது என்று தீர்மானமாயிற்று. வேனில் முன் சீட்டில் தலைவர், பின்னால் காசிராஜனும் நாகையாவும், கடைசி சீட்டில் விண்ணப்பதாரி என்ற முறையில் பாண்டிச்செல்வி. கேட்கும்போது மிளகாய் என்ற சொல்லை யாரும் உச்சரிக்கக் கூடாது, காயைக் காட்டவும் கூடாது, காட்டினால் பதில் சொல்பவர் மனம் ஒருபக்கம் சாய்ந்துவிடும் என்று தலைவர் விதி போட்டார். வர்ணிக்க மட்டும்தான் வேண்டும்.

மல்லாங்கிணறுக்கு வெளியே மானாவாரிக் காட்டில் பொன்னுத்தங்கம் என்ற அம்மாள் மடி நிறைய மிளகாய் பறித்துக்கொண்டு நின்றாள். தலைவர் வரப்பில் செருப்போடு ஏறி நின்றார்.

"அம்மா, நீண்டிருக்கும், முனை கூர்மையாக இருக்கும், முதலில் பச்சையும் பின்னர்ச் சிவப்பும் காட்டும். அதனை இவ்வட்டாரத்தில் எவ்வாறு வழங்குவீர்கள்?"

பொன்னுத்தங்கம் யோசித்தாள். படித்தவர்கள் வேன் வைத்து வந்து கேட்கிறார்கள், லேசான விடையாக இருக்காது.

"கிளிங்களாய்யா?" என்றாள்.

'மல்லாங்கிணறு வட்டாரம்: கிளி' என்று நாகையா எழுதினார்.

பாண்டிச்செல்விக்குப் பொறுக்கவில்லை. "அத்தே, ஒங்க மடியில இருக்குல்ல, அதைத்தான் கேக்காக!"

"இதையா? இதைக் கேக்கவா இம்புட்டுப் பேரு வந்தீக?" அந்த அம்மாள் மடியைப் பார்த்தாள். "செடியில கெடந்தா மொளகா. காஞ்சா வத்தல். உருண்டையா இருந்தா குண்டு வத்தல், நீட்டமா இருந்தா சம்பா. இத்தனூண்டா வானத்தைப் பாத்து நின்னா ஊசி மொளகா. தெக்க எங்க சின்னம்மா ஊர்ல அதையே சீனி மொளகாம்பாக. கடிச்சுப் பாருங்க, எம்புட்டுச் சீனின்னு தெரியும். சந்தைக்குக் கொண்டு போயிட்டா அப்புறம் அண்ணாச்சிமாருக சொல்றதுதான் பேரு. நம்ம சம்பான்னு கொண்டு போவோம், அவுக சோடைம்பாக."

காசிராஜன் வேன் பக்கம் திரும்பி டிரைவரிடம் மணி கேட்டார்.

"ஒரு பொருளுக்கு ஒருத்தி ஆறு பெயர் சொல்கிறாள்" என்றார் தலைவர் வருத்தத்தோடு. "நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது பார்த்தீர்களா? குறிப்பில் கிளி மட்டும் இருக்கட்டும்."

காரியாபட்டியில் மதியச் சாப்பாடு ஏற்பாடாகியிருந்ததால் அங்கே யாரையும் கேட்க நேரமில்லை. அங்கும் கிளி என்றே எழுதிக்கொண்டார்கள்.

அடுத்தது மாதிரிச் சோதனை. வாரியத்தின் கம்ப்யூட்டரில் மிளகாயை ஏற்றி, தொண்ணூறு நாள் வளர்த்துப் பார்த்துத்தான் பெயர் வைக்க முடியும் என்றார்கள். நாகையா அதற்கென்று நீர்ப் பதிவேடு ஒன்று திறந்தார். தினமும் காலை பதினொரு மணிக்குத் தண்ணீர் ஊற்ற அனுமதி கேட்டுக் குறிப்பெழுதுவார்கள். மூன்று மணிக்குத் தலைவர் கையெழுத்திடுவார். நாலு மணிக்குப் பியூன் வந்து பட்டனை அமுக்குவார். மிளகாய் பாதி நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டும் பாதி நாள் பல்லைக் காட்டிக்கொண்டும் எப்படியோ உயிரோடிருந்தது.

பொங்கலுக்கு, சனி ஞாயிறோடு சேர்த்து ஐந்து நாள் விடுமுறை வந்தது. பாண்டிச்செல்வி வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஓடினாள்.

"சார், சாவியக் குடுங்க. நானே வந்து ஊத்திட்டுப் போயிருறேன். ஒரு நிமிசம்கூட ஆகாது."

"லீவு நாள்ல குறிப்பு போட ஆளு இல்லையேம்மா. குறிப்பு இல்லாம ஊத்துனா அது அனாமத்துத் தண்ணி. நாளைக்கு ஆடிட்ல கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" உண்மையாகவே அவருக்குக் கவலையாக இருந்தது.

வியாழக்கிழமை காலையில் அலுவலகத்தைத் திறந்தபோது திரையில் வத்தல் படுத்திருந்தது.

வாரியம் அவசரமாகக் கூடியது. தலைவர் இரங்கல் தீர்மானம் வாசித்தார். இரண்டு நிமிடம் எழுந்து நின்றார்கள். கீழே யாரோ மூட்டை உதறியதால் மௌனம் பதினேழு தும்மலோடு முடிந்தது. பிறகு பாண்டிச்செல்விக்கு விளக்கம் கேட்டு ஓலை போயிற்று. அதில் குற்றம் வேறு மாதிரி இருந்தது. விண்ணப்பத்தில் காட்டியிருப்பது மிளகாய். தற்போது திரையில் இருப்பது வத்தல். வாரியத்துக்கு அறிவிக்காமல் மேற்படி பொருள் விடுமுறை நாட்களில் தன் பெயரை மாற்றிக்கொண்டது ஏன்? அதற்கு உடந்தையாக இருந்தவர் யார்?

"தண்ணி ஊத்தலைங்க. அதான் காரணம்" என்று அவள் ஒரு வரியில் பதில் எழுதிப் போட்டாள். ஒரு வரிப் பதில்களைக் கோர்க்கக் கோப்பில் இடமில்லை என்று அது திரும்பி வந்தது.

இதற்கிடையே பள்ளியில் அந்தத் துண்டு எடுக்கப்படவே இல்லை. மிளகாய் தூங்குகிறது என்று பொன்மணி சொல்லி வைத்திருந்தாள். ஆகஸ்டில் பிள்ளைகள் தினமும் "மொளகா முழிச்சுருச்சா டீச்சர்?" என்று கேட்டார்கள். தீபாவளி சீசனில் பாதிப் பேர் குழாய் உருட்டப் போனார்கள். சீசன் முடிந்தும் திரும்பவில்லை. பொங்கலுக்குப் பிறகு ஏழு பேர். பதினைந்து பேருக்குக் குறைந்தால் பள்ளியை மூட வேண்டும் என்று மேலே எங்கோ ஒரு விதி இருந்தது. மார்ச்சில் ஒரு நாள் மதியம் ஒருவர் வந்து ஏழு பேரையும் எண்ணினார். வெளியே போகச் சொன்னார். பூட்டினார்.

பொன்மணி அச்சகத்துக்கே வந்து சொன்னாள். பாண்டிச்செல்வி அப்போது ஒரு புஸ்வாணத்துக்குப் பூ வரைந்துகொண்டிருந்தாள்.

"நான்தான அக்கா ஒரு வாரம் பொறுங்கன்னு சொன்னேன்" என்றாள். பொன்மணி திரையில் இருந்த பூவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறுதலாக எதையாவது சொல்லியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஜூலையில் வாரியத்தின் ஆணை வந்தது. மிளகாய்க்குச் 'செவ்வெரிகூர்ங்காய்' எனப் பெயர் சூட்டப்படுகிறது. பச்சையாயிருக்கும் காலத்தில் அதனைச் 'செவ்வாகாச் செவ்வெரிகூர்ங்காய்' என வழங்க வேண்டும். இப்பெயரோடு கணினிச் செல்லக்காயை மேற்படி சிறப்புப் பள்ளியில் தலைவர் தொடங்கிவைப்பார். விண்ணப்பதாரி சிடியுடன் வரவும்.

பூட்டிய பள்ளிக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். பெயரின் நீளத்துக்குப் பேனர் போதாமல் 'செவ்வெரிகூர்ங்' ஒரு பேனரிலும் 'காய்' இன்னொன்றிலும் இருந்தன. தலைவர், காசிராஜன், நாகையா, வாடகை மைக்செட், இருபது நாற்காலி. நாற்காலிகளில் யாருமில்லை.

"குழந்தைகள் எங்கே?" என்றார் தலைவர்.

"குழாய் உருட்டுதுக" என்றாள் பொன்மணி.

"இந்நேரத்திலா? இன்று விழா என்று தெரியாதா?"

"ஒரு பத்துப் பிள்ளைகளைப் பிடிச்சுட்டு வாம்மா, போட்டோவுக்கு" என்றார் காசிராஜன் பாண்டிச்செல்வியைப் பார்த்து. "மிட்டாய் இருக்குன்னு சொல்லு."

பாண்டிச்செல்வியின் வலது கை விரல்கள் உருட்டுவதை நிறுத்தின.

"ஒங்க லெட்டர் வந்தன்னைக்கு இங்கன இருவத்தி மூணு பிள்ளைக இருந்துச்சு" என்றாள். "நீங்க பேரு தேடுன பதினோரு மாசத்துல ஒண்ணொண்ணாப் போயிருச்சுக. மொளகாய்க்குத் தண்ணி ஊத்தக் கூடாதுன்னீக. ஊத்தலை. பள்ளிக்கூடமும் சேந்து வத்திப்போச்சு. இப்ப எனக்கு ஒங்க பேரு வேண்டாம்."

நாகையா பதறிப்போனார். "ஒப்புதல் வேண்டாம்னா எப்பிடிம்மா? வேண்டாம்கிறதுக்கு நம்மகிட்ட ஃபாரமே கெடையாதே."

"அப்ப அதுக்கும் ஒரு பேரு வையுங்க சார்."

சிடியைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவள் தெருவில் இறங்கினாள். பொன்மணியும் கூடவே நடந்தாள். பின்னால் மைக் கரகரத்தது. காலி நாற்காலிகளைப் பார்த்து, "மாணவச் செல்வங்களே!" என்று தலைவர் தொடங்கிவிட்டார்.

பத்திரகாளி வீட்டு வாசலில் அவளும் அவள் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து குழாய் உருட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். கை நிற்கவில்லை.

"அங்கன என்ன டீச்சர், ஒரே சத்தமா இருக்கு?" என்றாள் தாய்.

"மொளகாய்க்குப் பேரு வச்சிருக்காக."

"இம்புட்டு நாளா அதுக்குப் பேரு இல்லாமயா கெடந்துச்சு?"

"நாளைல இருந்து பிள்ளைய அனுப்புங்க மதினி."

"பள்ளிக்கூடம் பூட்டிக் கெடக்கே?"

"வராண்டா தொறந்துதான கெடக்கு" என்றாள் பொன்மணி.

பாண்டிச்செல்வி அச்சகத்தில் மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை முதலாளியிடம் கேட்டு வாங்கி, ஆட்டோவில் கொண்டு வந்து வராண்டாவில் இறக்கினாள். பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்து மிளகாயை ஏற்றினார்கள். முதல் நாள் மூன்று பேர் வந்தார்கள். இரண்டாம் நாள் ஐந்து. திங்கட்கிழமை பதினொரு பேர். மற்றவர்கள் வரவில்லை. நான்கு பேர் குடும்பத்தோடு வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள், அவர்கள் வரவே போவதில்லை.

அந்தத் திங்கட்கிழமைதான் நாகையா பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார். கையில் நோட்டீஸ். ஒப்புதல் பெறாத இடத்தில், ஒப்புதல் மறுத்த விண்ணப்பதாரியால், ஒப்புதல் பெற்ற பெயரைச் சொல்லாமல் மேற்படி காய் வளர்க்கப்படுவது குறித்து. வராண்டாவில் பொன்மணி வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்தாள். பாண்டிச்செல்வி மானிட்டருக்குப் பின்னால் வயரைச் செருகிக்கொண்டிருந்தாள்.

நாகையா தொண்டையைச் செருமினார். "வாரியத்துல இருந்து வாரேன். ஒரு நோட்டீஸ்..."

யாரும் திரும்பவில்லை. முன் வரிசையிலிருந்து பத்திரகாளி மட்டும் திரும்பினாள்.

"கிளாஸ் நடக்குதுல்ல சார்? பேசணும்னா கையத் தூக்கணும்."

நாகையா அவளைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அப்படி ஒரு விதி அங்கே இருக்கிறது என்பது அவருக்குப் புரிந்தது. கடைசி வரிசையில் இடம் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நோட்டீஸை மடியில் வைத்துக்கொண்டார். கையைத் தூக்கினார்.

பொன்மணி ஏழாம் வாய்ப்பாட்டை முடித்துவிட்டு எட்டாம் வாய்ப்பாட்டைத் தொடங்கினாள்.